குடிநீர்ப் பம்பும் மின்தடைக் கணக்கும்

பஞ்சாயத்துக் கூட்டங்களில் அடிக்கடி எழும் விஷயங்களுள் ஒன்று, குடிநீர்ப் பம்பின் மோட்டார் எரிந்துபோன செய்தி. ஊருக்கு வெளியே ஏரிக்கரையோரம் ஓர் ஆழ்துளைக் கிணறு. அதனுள் ஒரு குதிரைத்திறன் மோட்டார். தெருவிலே ஒரு தண்ணீர்த் தொட்டி. சிறு மின்விசைப் பம்பு என்று நாம் வழங்கும் இவ்வமைப்பைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கும் காணலாம். மோட்டார் எரிந்தால் அதை மேலே தூக்கிக் காயில் சுற்றிக் கொண்டுவர நாட்கள் பல ஆகின்றன. அதுவரையில் பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவுக்கோ வயற்கிணற்றுக்கோ நடக்கிறார்கள். காயில் சுற்றிய மோட்டாரும் மூன்று மாதத்தில் மறுபடி எரிந்துவிட்டால், உறுப்பினர்கள் மோட்டாரைக் குறை கூறுவர். காயில் சுற்றியவர், மின்சார அழுத்தம் போதவில்லை என்பார். மின்சார ஊழியரோ கம்பத்தில் அளந்து பார்த்து, அழுத்தம் சரியாகவே இருக்கிறது என்று சொல்லிச் செல்வார். இவர்களில் எவர் கூறுவதும் பொய்யன்று என்பதே இதில் வேடிக்கை. கம்பத்தில் சரியாக உள்ள அழுத்தம், மோட்டாரை அடைவதற்குள் குறைந்துவிடுகிறது. எங்கே குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்பதைப் பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் கணக்கிட்டுக் காணலாம்.

மூன்று அளவுகள்

மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியாக நீர் இறங்குவதை எண்ணிக்கொள்வோம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நீரைத் தள்ளும் அழுத்தம் மிகும். மின்சாரத்தில் இவ்வழுத்தத்தை வோல்ட் என்னும் அளவால் குறிக்கிறோம். வீடுகளுக்கும் சிறு பம்புகளுக்கும் வரும் ஒருமுனை இணைப்பில் இது 230 வோல்ட். குழாயில் வினாடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைப்போலக் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை ஆம்பியரால் அளக்கிறோம். குழாய் குறுகியும் நீண்டும் இருந்தால் நீரின் ஓட்டம் தடைப்படுகிறதன்றோ? அதற்கு ஒப்பாக மின்னோட்டத்துக்குக் கம்பியும் கருவியும் காட்டும் எதிர்ப்பே மின்தடை. அதன் அளவு ஓம். செய்தித்தாளில் மின்தடை என்று வந்தால் மின்சாரம் நின்றுபோவதைக் குறிக்கும். அந்தத் தடை வேறு, இந்தத் தடை வேறு. அது எப்போதோ வந்து போவது. இதுவோ கம்பி உள்ளவரையில் கம்பியோடே இருப்பது.

நீரின் உவமையை ஓரளவுக்குமேல் நீட்டலாகாது. நீர் தொட்டியில் போய் விழுந்தால் அதன் வேலை முடிந்தது. மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வழியிருந்தாலன்றி ஓடவே ஓடாது. ஆகையாலேதான் அதன் பாதையைச் சுற்று என்கிறோம். இந்த வேற்றுமையை மனத்தில் கொள்ள வேண்டும். பின்வரும் கணக்கில் பலர் தவறுவது இங்கேதான்.

இம்மூன்று அளவுகளுக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியர். கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தபோது, பல நீளங்களில் கம்பிகளை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்று பொறுமையாக அளந்தார். 1827இல் அவர் வெளியிட்ட நூலை அந்நாட்டு அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தபின்னரே அவருக்குரிய மதிப்புக் கிட்டிற்று. அவர் கண்ட விதி ஒரே வரியில் அடங்கும்:

அழுத்தம் = ஓட்டம் × தடை

இதையே திருப்பி, அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் வரும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை வரும்.

திறன் என்பது யாது?

ஒரு கருவி வினாடிதோறும் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை வேலையாகவோ வெப்பமாகவோ மாற்றுகிறது என்பதே அதன் மின்திறன். அளவு, வாட். 746 வாட் ஒரு குதிரைத்திறன் ஆகும். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். இப்போது அருகிவரும் 60 வாட் இழை பல்பை எடுத்துக்கொள்வோம். 60ஐ 230ஆல் வகுத்தால் அதில் ஓடுவது 0.26 ஆம்பியர். 230ஐ அந்த ஓட்டத்தால் வகுத்தால் தடை ஏறக்குறைய 882 ஓம். இவ்வாறே கணக்கிட்டால் 100 வாட் பல்பின் தடை 529 ஓம்தான். திறன் மிகுந்த பல்புக்குத் தடை குறைவாக இருப்பது புதிதாகக் கற்பவருக்கு வியப்பளிக்கும். அழுத்தம் மாறாதிருக்கும்போது தடை குறைந்தால் ஓட்டம் மிகும், ஓட்டம் மிகுந்தால் திறனும் மிகும் என்பதை நினைத்தால் வியப்பு நீங்கும்.

கம்பிகளைப் பொறுத்தவரையில் வேறொரு வாய்பாடே நமக்குப் பெரிதும் பயன்படும். அழுத்தம் என்பது ஓட்டமும் தடையும் பெருகிவருவது என்று கண்டோம். ஆகவே,

திறன் = ஓட்டம் × ஓட்டம் × தடை

என்றும் எழுதலாம். ஓட்டம் இருமுறை பெருக்கப்படுவதைக் கவனிக்க. ஓட்டம் இரு மடங்கானால் கம்பியில் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1840ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஜூல் என்பவர் நீரில் கம்பிச் சுருளை அமிழ்த்தி, ஏறிய வெப்பத்தை அளந்து இதை மெய்ப்பித்தார். மோட்டார் எரிவதன் இரகசியம் முழுவதும் இந்த ஒரு வாய்பாட்டில் இருக்கிறது.

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஆகும் செலவே ஒரு யூனிட். தெருவிளக்குக் கணக்கு இதனால் எளிது: 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் 60, இரவில் 12 மணி நேரம், 30 நாட்கள் எரிந்தால் 432 யூனிட். மின்சாரப் பட்டியலில் இதனினும் வெகுவாக மிகுந்த எண் கண்டால், பகலில் எரியும் விளக்குகளைத் தேட வேண்டும். தெருவிளக்குகளை இதற்குமேல் விவரிக்கத் தேவையில்லை; பம்புக்கு வருவோம்.

கம்பியும் ஒரு தடையே

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செப்புக் கம்பியின் தடை 0.0172 ஓம். அதே அளவுள்ள அலுமினியக் கம்பிக்கு 0.028 ஓம். நீளம் ஏற ஏறத் தடை அவ்விகிதத்தில் ஏறும். பரப்பு ஏற ஏற அவ்விகிதத்தில் இறங்கும். வெயிலில் காயும் கம்பியின் சூடு 10 டிகிரி ஏறினால் தடையும் ஏறத்தாழ 4 சதவீதம் ஏறும். அதனை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

மின்கம்பத்தருகில் மீட்டர்ப் பெட்டி இருக்கிறது என்றும், அங்கிருந்து கிணற்றடியிலுள்ள ஸ்டார்ட்டர் பெட்டி வரையில் 110 மீட்டர் தூரம் என்றும் வைத்துக்கொள்வோம். சிக்கனம் கருதி, 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியே இழுக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் கிணற்றுக்குள் 40 மீட்டர் ஆழத்தில் தொங்குகிறது. அதற்குச் செல்வது 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 7 ஆம்பியர் என்று பொறித்திருக்கிறது.

இங்கே ‘தூரம் 110 மீட்டர், ஆகையால் கம்பியும் 110 மீட்டர்’ என்று எண்ணுவது பெருந்தவறு. போகும் கம்பியோடு திரும்பும் கம்பியும் சேர்ந்தே சுற்று. எனவே நீளம் 220 மீட்டர். 220ஐ 0.028ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் 2.46 ஓம். அவ்வாறே கிணற்றுக்குள் போக வர 80 மீட்டர். அதனை 0.0172ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் 0.92 ஓம். ஒன்றன்பின் ஒன்றாக உள்ள தடைகளைக் கூட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே கம்பியின் மொத்தத் தடை 3.38 ஓம்.

மூன்றரை ஓம்கூட இல்லையே என்று தோன்றும். 7 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: கம்பியிலேயே இழக்கும் அழுத்தம் 23.7 வோல்ட்! கம்பத்தில் 230 இருக்க, மோட்டாருக்குக் கிடைப்பது 206. திறனைக் கணக்கிட்டால் 7 × 7 × 3.38, அதாவது ஏறக்குறைய 166 வாட். எட்டு எல்.இ.டி. தெருவிளக்குகளுக்கு ஆகும் மின்சாரம், மோட்டார் ஓடும் நேரமெல்லாம் கம்பியைச் சூடாக்குவதில் கழிகிறது. மாலையில் ஊர் முழுவதும் மின்சாரத்தை உபயோகிக்கத் தொடங்கியதும் கம்பத்திலேயே அழுத்தம் 205க்கு இறங்கிவிட்டால், மோட்டாருக்கு 181தான் எஞ்சும். அழுத்தம் குறைந்தாலும் மேலே ஏற்றவேண்டிய நீரின் சுமை குறைவதில்லை. ஆகையால் மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ளதினும் மிகுதியான ஓட்டத்தை இழுக்கிறது. அதனால் கம்பியில் இழப்பும் இன்னும் மிகுகிறது.

புறப்படும்போது நேர்வது

இதனினும் பெரிய இடர் மோட்டார் புறப்படும் வேளையில் உண்டு. ஓடும் மோட்டார் தானே ஓர் எதிரழுத்தத்தை உண்டாக்கித் தன்னுள் பாயும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஆகவேதான் அதன் காயிலை அளந்து, கிடைத்த ஓமால் 230ஐ வகுத்தால் ஓடும்போதுள்ள ஆம்பியர் வருவதில்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அந்த எதிரழுத்தம் கிடையாது. அப்போது அது வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர், இழுக்க முயல்கிறது என்று கொள்வோம். 230ஐ 35ஆல் வகுக்க, நின்ற மோட்டார் சுமார் 6.6 ஓம் தடைக்குச் சமம். மாறுமின்னோட்டத்தின் நுட்பங்கள் சிலவற்றை இங்கே நீக்கியிருக்கிறேன். விடை பெரிதும் மாறாது.

6.6 ஓம் மோட்டாரும் 3.4 ஓம் கம்பியும் சேர்ந்து சுற்றின் தடை 10 ஓம். மாலை நேரத்து 205 வோல்ட்டை 10ஆல் வகுத்தால் ஓட்டம் 20.5 ஆம்பியர். இதில் மோட்டாரின் பங்குக்கு விழும் அழுத்தம் 20.5 × 6.6, அதாவது 135 வோல்ட். மோட்டாரைச் சுழற்றும் விசையோ அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 135ஐ 230ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு விசைதான் மிஞ்சுகிறது. மோட்டார் முனகுகிறது, சுழலவில்லை. சுழலாததால் எதிரழுத்தம் பிறக்கவில்லை. 20 ஆம்பியர் தொடர்ந்து பாய்கிறது. வழக்கமான 7 ஆம்பியரைப்போல் இது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே காயிலில் வெப்பம் எட்டு மடங்குக்கும் மேல். சில நிமிடங்களில் காயிலின் மேற்பூச்சுக் கருகிவிடுகிறது. தண்ணீர் வரவில்லையே என்று பம்பை இயக்குபவர் மறுபடி மறுபடி சுவிட்சைப் போடுவாராயின் அந்தச் சில நிமிடங்களும் தேவையில்லை.

இத்தருணத்தில் காப்பாற்ற வேண்டியது பியூஸ். ஆனால் பல ஊர்களில் பியூஸ் கட்டையில் கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருப்பதை நாம் காண்கிறோம். அடிக்கடி பியூஸ் போகிறது என்பதற்காக இவ்வாறு செய்தோம் என்பார்கள். அது போனதெல்லாம் மோட்டாரைக் காக்கவே போயிற்று.

எந்தக் கம்பி போடுவது?

பரிகாரத்தையும் கணக்கே சொல்லும். கம்பியில் 5 சதவீத அழுத்தத்துக்குமேல் இழப்பதில்லை என்று முடிவு செய்வோம். 230இல் 5 சதவீதம் 11.5 வோல்ட். அதை 7 ஆம்பியரால் வகுத்தால் 1.64 ஓம் வரையில் நமக்கு இடமுண்டு. கிணற்றுக்குள் உள்ள 0.92 ஓமைக் கழித்தால் தரைமேல் கம்பிக்கு 0.72 ஓம் எஞ்சும். 220 × 0.028 என்பது 6.16, இதை 0.72ஆல் வகுத்தால் 8.6 சதுர மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 10. அதைப் போட்டால் தரைமேல் தடை 0.62 ஓமாகவும், மொத்தத் தடை 1.54 ஓமாகவும் குறையும். அழுத்த இழப்பு 10.8 வோல்ட், திறன் இழப்பு 75 வாட். முன்னிருந்த 166 வாட்டோடு ஒப்பிட்டால், நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடும் பம்பில் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 200 யூனிட் மிச்சமாகும். அதே மாலை நேரத்தில் புறப்படும் மோட்டாருக்கு 135க்குப் பதில் 166 வோல்ட் கிடைக்கும்; விசை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குமேல் உயரும். மதிப்பீடு தயாரிக்கும்போது கம்பியின் விலையை மட்டும் ஒப்பிட்டு மெல்லிய கம்பியைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஒருமுறை காயில் சுற்றும் கூலியையும் மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலியையும் அதன் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நலம்.

கம்பியை மாற்றுமுன் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கிவிட்ட இடம் நாளடைவில் களிம்பேறித் தளரும். அங்கே அரை ஓம் தடை உண்டானால் 7 × 7 × 0.5, அதாவது ஏறக்குறைய 25 வாட் வெப்பம் அவ்விடத்தில் பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றுக்கோலின் திறனும் ஏறக்குறைய அவ்வளவே. அது நம் இணைப்பில், டேப் சுற்றிய விரற்கடை இடத்துக்குள், நாள்தோறும் ஆறு மணி நேரம் எரிந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், டேப் ஏன் உருகுகிறது என்பது விளங்கும். ஏற்ற லக்கு வைத்து அழுத்தி முடுக்குவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

கம்பியின் அளவு எவருக்கும் தெரியாத பழைய இணைப்பாயின் அளந்தே கண்டுபிடிக்கலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, மோட்டார் ஓடும்போது மீட்டர்ப் பெட்டியிலும் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் அழுத்தத்தையும், கவ்வு மீட்டரால் ஓட்டத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் 218, மற்றோரிடத்தில் 199, ஓட்டம் 7.6 என்று வந்தால், இடைப்பட்ட 19 வோல்ட்டை 7.6ஆல் வகுக்கக் கம்பியின் தடை 2.5 ஓம். மோட்டார் நின்றிருக்கும்போது அளந்தால் இரண்டிடத்திலும் ஒரே எண்தான் காட்டும். ஓட்டமில்லாதபோது இழப்பும் இல்லையன்றோ! அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சென்றவர் பெரும்பாலும் இப்படித்தான் அளந்திருப்பார்.

நிலத்தொடர்பும் மனித உடலும்

மோட்டாரைக் காக்க நாம் செய்த இதே கணக்கு உயிரையும் காக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்பில் மின்சாரம் கசிந்தால், எர்த் கம்பி வழியாக அது நிலத்தில் இறங்க வேண்டும். எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், 230ஐ 20ஆல் வகுக்க 11.5 ஆம்பியர்தான் பாயும். 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு உருகாது. பெட்டியோ மின்சாரம் ஏறியவண்ணமே நிற்கும். பார்ப்பதற்கு யாதொரு வேறுபாடும் தெரியாது. மின்மாற்றியின் நிலத்தொடர்பையும் சேர்த்துச் சுற்றின் தடை 3 ஓமுக்குள் இருந்தால் 75 ஆம்பியருக்குமேல் பாய்ந்து பியூஸ் உடனே உருகிவிடும்.

ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கும் மனிதனின் உடல் சுமார் 1,000 ஓம் தடை என்று கொள்வது வழக்கம். 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் அவன் உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். இதயத்தின் துடிப்பு நிலைகுலைய இதில் பாதிகூட வேண்டியதில்லை. 15 ஆம்பியர் பியூஸின் கண்ணுக்கு இதுவோ ஒரு பொருட்டேயன்று. அறுபது பேர் ஒருசேரத் தொட்டு வீழ்ந்தாலும் அது உருகாது. காட்டுப்பன்றிக்கு அஞ்சி வேலிக் கம்பியில் மின்சாரத்தைக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதை அனைவரும் அறிவர். பியூஸ் இருக்கிறது, ஆளுக்கு ஆபத்து வராது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. மேலே கண்ட எண்கள் அச்சமாதானத்துக்கு இடம் தரவில்லை. பியூஸ் கம்பியைக் காக்க ஏற்பட்டது. ஆளைக் காப்பதற்குரியது, 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுக் காப்புச் சுவிட்சு. அதைப் பம்பு இணைப்பிலும் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பஞ்சாயத்து அலுவலகம் ஆகிய கட்டடங்களிலும் பொருத்திவிட்டுப் பிறகு மற்ற செலவுகளைப் பற்றி யோசிக்கலாம்.

எர்த் குழியின் தடை ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நிற்பதில்லை. மண்ணின் ஈரத்தைப் பொறுத்து அது ஏறி இறங்கும். ஐப்பசி மழையில் அளந்து திருப்தியடைந்த குழி, வைகாசி வெயிலில் அதனினும் பன்மடங்கு தடை காட்டக்கூடும். ஆகையால் அளவெடுப்பதைக் கோடையிலேயே வைத்துக்கொண்டு, கிடைத்த ஓமைத் தேதியோடு பஞ்சாயத்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பம்பை இயக்குபவர் கோடை மாதங்களில் வாரம் இருமுறை அக்குழியில் இரண்டு குடம் நீர் ஊற்றி வரலாம்.